இணைப்பில் பிறக்கும் வெப்பம்

காற்றுக்கு அடுத்தபடியாக, கண்ணாற் காணாமலே நாம் நாள்தோறும் பயன்கொள்ளும் பொருள் மின்சாரமாகும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவு வேளையில் செல்வோர், இருமருங்கும் வரிசை வரிசையாக ஒளிரும் தொழிற்சாலை விளக்குகளைக் காண்பர். அவ்விளக்குகளைக் காண்பரேயன்றி, அவற்றினுள் ஓடும் ஆற்றலைக் கண்டவர் எவருமிலர். என் இளமையில் அந்நிலங்களுட் பல வயலாகவும் மேய்ச்சல் வெளியாகவும் கிடந்தன. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் கார் செய்யத் தொடங்கினர். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் நிறுவனத்தாரின் லாரி ஆலையும் திறக்கப்பெற்றன. ஏர் பிடித்தவர்தம் பேரர்கள் இன்று அவ்வாலைகளில் மீட்டர் பிடிக்கின்றனர்.

அவ்வட்டாரத்தில் பிறந்தவனுக்கு மின்சாரத்தை விளக்க வேறு உவமை தேட வேண்டுவதில்லை. ஏரி ஒன்றே போதும். காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஏரியில் நீர் உயர்ந்து நின்றால் மதகின் வழியே விரைந்து பாயும். தாழ்ந்து நின்றால் தயங்கிப் பாயும். நீர்மட்டத்தின் அவ்வுயர்வு போன்றதே மின்னழுத்தம். அதனை வோல்ட்டு என்னும் அளவால் குறிப்பர். வாய்க்காலில் ஒரு நொடியில் ஓடும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். அதன் அளவு ஆம்பியர். வாய்க்கால் குறுகியும் நீண்டும் புல் மண்டியும் கிடப்பின் நீரின் ஓட்டம் தடைப்படும் அன்றோ? அத்தகைய தடையே மின்தடை. அதன் அளவு ஓம். உவமை எதுவும் முற்றும் பொருந்துவதன்று. வாய்க்காலை வெட்டினால் நீர் வெளியே கொட்டும். கம்பியை வெட்டினாலோ மின்னோட்டம் அக்கணமே நின்றுவிடும். இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டு உவமையைக் கையாண்டால் இடரில்லை.

இம்மூன்றுக்கும் உள்ள உறவை அளந்து கண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஜெர்மானிய நாட்டின் எர்லாங்கன் நகரில் 1789-ஆம் ஆண்டு பிறந்த கியோர்க் சைமன் ஓம் என்பார், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். தந்தையாரே அவருக்குக் கணக்குக் கற்பித்தார். கொலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தபோது, நீண்டும் குறுகியும் உள்ள கம்பிகளைத் தாமே அமைத்து அவர் ஆய்ந்தார். அக்காலத்து மின்கலங்கள் ஒரு நிலையில் நில்லாமல் தளர்ந்துகொண்டே இருந்தன. ஆதலின் கொதிநீரிலும் பனிக்கட்டியிலும் முனைகளை வைத்த வெப்ப மின்னிரட்டையை அவர் மேற்கொண்டார். அதன் அழுத்தம் மாறாது நின்றது. அவருடைய கணக்கும் நின்றது. 1827-இல் அவர் தம் நூலை வெளியிட்டார். உடனே புகழ் வரவில்லை; அவர் வேலையை விட்டு விலகி வறுமையுற்றார். 1841-இல் இலண்டன் அரச கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. அவர் மறைந்தது 1854-இல்.

ஓம் கண்ட உறவு மிக எளியது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அவ்விரண்டையும் பெருக்கினாலோ மின்திறன் கிடைக்கும். அதன் அளவு வாட்டு. அளக்க வேண்டியவை இரண்டே எண்கள். வகுத்தால் ஒன்று, பெருக்கினால் மற்றொன்று. 230 வோல்ட்டில் இயங்கும் 1,000 வாட்டுத் துணிதேய்ப்புப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஆயிரத்தை 230-ஆல் வகுத்தால் அதில் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 4.35 ஆம்பியர் என அறிகிறோம். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் அதன் மின்தடை ஏறத்தாழ 53 ஓம்.

வாய்க்காலின் கடைமடை வயலுக்குத் தண்ணீர் குறைவாக வருவது போலவே, மின்கம்பி வரிசையின் கடைசி வீடுகளுக்கு அழுத்தம் குறைந்து வரும். நான் சிறுவனாக இருந்த நாளில் மாலை வேளையில் எங்கள் வீட்டு விளக்கு செம்மை படர்ந்து மங்கும். ஊரார் அதனை 'லோ வோல்டேஜ்' என்பர். 230 வோல்ட்டு 200 ஆகக் குறைந்தால் தேய்ப்புப் பெட்டியின் திறன் எவ்வளவு குறையும்? அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே குறைந்தது. ஆயினும் 200-ஐ 53-ஆல் வகுத்துப் பெருக்கிப் பாருங்கள். திறன் 755 வாட்டாகி விடுகிறது. காற்பங்கு போயிற்று! அழுத்தம் குறையும்போது ஓட்டமும் உடன் குறைவதால் இழப்பு இரட்டிக்கிறது.

இக்கணக்குக்கு எல்லையும் உண்டு. மோட்டார் வண்டியின் 12 வோல்ட்டு, 60 வாட்டு இழை விளக்கு ஒன்றைக் கணக்கிட்டால் ஓட்டம் 5 ஆம்பியர் என்றும் தடை 2.4 ஓம் என்றும் வரும். அதே விளக்கைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே காட்டும். மீட்டரும் பொய்க்கவில்லை; கணக்கும் பொய்க்கவில்லை. எரியும் இழை வெண்சூடாக இருக்கிறது. அணைந்த இழை குளிர்ந்திருக்கிறது. சூடேறச் சூடேற உலோகத்தின் தடை பெருகுகிறது. இன்னொரு செய்தியும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பம்புசெட்டின் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து அதுவே அதன் சுருட்கம்பியின் தடை என்று கொள்ளுதல் ஆகாது. சுழலும் மோட்டார் தானே ஓர் எதிரழுத்தத்தை உண்டாக்கி ஓட்டத்தை அடக்கி வைக்கிறது. அது சுழலாமல் சிக்கிக்கொண்டால் அவ்வடக்கம் நீங்கிவிடும். ஓட்டம் பல மடங்கு பெருகிச் சுருள் கருகும். கம்பிச்சுருள் அடுப்பு, தேய்ப்புப் பெட்டி போன்ற வெறும் வெப்பக் கருவிகளுக்கே நம் எளிய கணக்கு அப்படியே பொருந்தும்.

மின்னோட்டம் தடையை ஊடுருவும்போது வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பம் எவ்வளவு என்பதை 1841-இல் வெளியிட்டவர், இங்கிலாந்தில் மதுவடிப்பாலை உடைமையாளர் ஒருவரின் மகனான ஜேம்சு ஜூல். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். மின்னோட்டத்தைத் தன்னாலேயே பெருக்கி, வந்ததை மின்தடையால் பெருக்கினால் ஒரு நொடியில் பிறக்கும் வெப்பம் வாட்டுக் கணக்கில் கிடைக்கும். இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் நாட்டின் மின்பாதைகள் ஏன் இவ்வாறு அமைந்துள்ளன என்பது விளங்கும்.

சத்தீசுகர் மாநிலத்து ராய்கரிலிருந்து நம் நாட்டுப் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நேர்மின் பாதை ஒன்று அமைக்கப்பட்டு, 2021-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. அதன் ஒரு கம்பித்தொகுதி 8 இலட்சம் வோல்ட்டு மேலும், மற்றொன்று 8 இலட்சம் வோல்ட்டு கீழும் நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே 16 இலட்சம் வோல்ட்டு. அப்பாதை கடத்தவல்ல திறன் 6,000 மெகாவாட்டு. அறுநூறு கோடி வாட்டை 16 இலட்சத்தால் வகுத்தால் ஓடும் மின்னோட்டம் 3,750 ஆம்பியரே. அத்திறனையே வீட்டு அழுத்தமாகிய 230 வோல்ட்டில் கொண்டுவர முயன்றால் இரண்டரைக் கோடி ஆம்பியருக்கு மேல் வேண்டும். அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் கம்பியை எவர் வார்ப்பது? வார்த்தாலும் எந்தக் கோபுரம் சுமப்பது? எனவேதான் தொலைவு மிகுதோறும் அழுத்தத்தை மிகுவித்து ஓட்டத்தைக் குறைக்கின்றனர். ஸ்ரீபெரும்புதூரிலும் 4 இலட்சம் வோல்ட்டுத் துணைமின் நிலையம் ஒன்று உண்டு. அங்கிருந்து படிப்படியாக அழுத்தம் இறக்கப்பெற்று ஆலைகளை அடைகிறது.

ஆலைக்குள் நுழைந்ததும் இந்நெறி தலைகீழாகி விடுகிறது. கார் செய்யும் ஆலையொன்றை மாணவர்களோடு சென்று காணும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிட்டியது. உடற்கூடு இணைக்கும் பகுதியில் இயந்திரக் கைகள் கொக்குகள்போல் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு குனிவுக்கும் ஒரு பொறித்தெறிப்பு. மெல்லிய இரும்புத் தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இருபுறமும் செம்பு முனைகளால் இறுகக் கவ்வி, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மின்சாரத்தைச் செலுத்துகின்றனர். தகடுகள் கவ்விய இடத்தில் உருகி ஒன்றாகின்றன. இதனை ஸ்பாட் வெல்டிங் என வழங்குவர். ஒரு காரின் உடற்கூட்டில் இத்தகைய புள்ளிகள் சில ஆயிரம் உள்ளன.

"எவ்வளவு வோல்ட்டு, ஐயா? ஆயிரம் இருக்குமா?" என்று மாணவன் ஒருவன் வினவினான்.

"பத்து வோல்ட்டளவே இருக்கும், தம்பி. ஓட்டந்தான் பத்தாயிரம் ஆம்பியர்!" என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர்.

மாணவர்கள் நம்பவில்லை. நான் அவர்களைக் கணக்கிடச் சொன்னேன். தகடுகள் தம்முள் தொடும் இடத்தின் தடை ஓர் ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எனக் கொள்வோம். தனியே நோக்கின் அஃது ஒரு தடையென்றே சொல்லத் தகாத சிறுமையுடையது. ஆயினும் பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் பத்துக் கோடி. அதனைப் பத்தாயிரத்தால் வகுத்தால் பத்தாயிரம் வாட்டு! பத்துத் தேய்ப்புப் பெட்டிகளின் வெப்பம் ஒரு பொட்டளவு இடத்தில் குவிகிறது. செம்பு முனையிலும் அதே மின்னோட்டந்தான் செல்கிறது. ஆனால் செம்பின் தடை இரும்பின் தடையினும் மிகக் குறைவு. அன்றியும் அம்முனையினுள்ளே குளிர்நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே முனை உருகாமல் தகடு மட்டும் உருகுகிறது. தடை எங்கே உள்ளதோ அங்கே வெப்பம் பிறக்கும். கம்பி முழுதும் ஒரே ஓட்டம் சென்றாலும் வெப்பம் தடையுள்ள இடத்தையே தேடிச் சேரும்.

ஆலையில் வேண்டுமென்றே செய்யப்படும் இதே வேலை, வீட்டில் எவரும் வேண்டாமலே நடப்பதுண்டு. அதனை என் தமக்கை மகன் வழியாகக் கண்டேன். ஐ.டி.ஐ.யில் பயின்று, ஆலை ஒன்றில் மின்பழுது பார்க்கும் பணியில் உள்ளவன் அவன். அவன் குடியிருந்த தெருவில், வாடகை அறைகள் வரிசையாக உள்ள வீடு ஒன்று இருந்தது. அதில் ஓர் அறையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த இளைஞர் அறுவர் தங்கியிருந்தனர். பகல் முறையினர் மூவர், இரவு முறையினர் மூவர். ஒருவர் எழுந்த பாயில் மற்றவர் படுப்பர். அவர்களுள் ஒருவன் ஒருநாள் மாலை வந்து, தான் கற்ற தமிழில், "அண்ணா, வயர் வாசனை வருது, டிரிப்பர் விழவில்லை" என்றான். "மாமா, வாருங்கள், போய்ப் பார்த்து வருவோம்" என்று மருமகன் என்னையும் அழைத்துச் சென்றான்.

அறையில் 2,000 வாட்டுக் கம்பிச்சுருள் அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. சுவரில் உள்ள பிளக் பாயிண்டிலிருந்து ஐந்து மீட்டர் மெல்லிய வயர் ஓடி எக்ஸ்டென்ஷன் பாக்சில் முடிந்தது. அதன் நடுவே வயர் ஒருமுறை அறுந்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது. பாய் ஒன்று அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மருமகன் வயரைக் கையால் தொடவில்லை. முதலில் சுவரில் மற்றொரு துளையில் அளந்தான்: 222 வோல்ட்டு. பின்னர்ப் பாக்சில் அளந்தான்: 214 வோல்ட்டு. டாங் டெஸ்டரால் வயரின் ஓட்டத்தை நோக்கினான்: 8.1 ஆம்பியர். உடனே சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுவரோரம் அமர்ந்து, கையிலிருந்த காகிதத்தில் கணக்கிட்டான். (வீட்டு மின்சாரத்தில் இவ்வாறு அளத்தல் பயிற்சி பெற்றவர் செய்யத் தக்கது, மாணவர்கள் டார்ச்சு மின்கலத்தில் அளந்து பழகுதலே முறை.)

சுவருக்கும் அடுப்புக்கும் இடையே காணாமற்போனவை 8 வோல்ட்டு. எட்டை 8.1-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1 ஓம். எட்டை 8.1-ஆல் பெருக்கினால் 65 வாட்டு. சமைப்பதற்கன்றி வழியிலேயே வீணாகும் வெப்பம் அது. அவ்வயரின் செம்பு முக்கால் சதுர மில்லிமீட்டர் கனமுடையது. போக ஐந்து, வர ஐந்து எனப் பத்து மீட்டருக்கு அதன் தடை கால் ஓமைச் சற்றே கடக்கும். எஞ்சிய முக்கால் ஓம் எங்கே? முறுக்கிய இணைப்பில்! அங்கு மட்டும் பிறந்த வெப்பம் ஏறத்தாழ 48 வாட்டு. "மாமா, வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்டுதானே? இங்கே டேப்புக்குள் இரண்டு அயர்ன் எரிந்துகொண்டிருக்கிறது" என்றான்.

டேப்பை அவிழ்த்தபோது செம்பு கறுத்து, மேலுறை பழுப்பாகிப் பொடிந்து உதிர்ந்தது. தளர்ந்த இணைப்பு சூடாகும். சூட்டால் செம்பின்மேல் கறை படியும். கறையால் தடை வளரும். தடையால் மேலும் சூடாகும். இந்தச் சுழல் நாளுக்கு நாள் முறுகுவதே அன்றித் தளர்வதில்லை.

டிரிப்பர் ஏன் விழவில்லை? அந்த இளைஞன் கேட்ட கேள்வியில் இதுவே தலையாயது. அச்சுவரின் டிரிப்பர் 16 ஆம்பியருக்கு மேல் ஓட்டம் மிகுந்தால் விழும் வகையினது. இங்கே ஓடியதோ 8.1. இணைப்பின் தடை கூடக்கூட ஓட்டம் குறைந்ததேயன்றிக் கூடவில்லை; ஆகவே தீங்கு வளருந்தோறும் டிரிப்பரின் கண்ணுக்கு அது நலமாகவே தோன்றியது. மின்கசிவைக் காக்கும் கருவி ஒன்றும் வாயிலில் இருந்தது. கம்பியில் போன மின்சாரம் முழுதும் திரும்பி வருகிறதா என்பதையே அது பார்க்கும். போனதெல்லாம் திரும்பி வந்தது. ஆகவே அதுவும் வாளாவிருந்தது. காவலர் இருவரும் தத்தம் கடமையில் தவறவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு வெப்பம் என்று பார்ப்பது அவ்விருவர் கடமையிலும் அடங்கவில்லை. அதனைப் பார்த்தவை இரண்டு எண்களும் ஒரு மூக்கும். பெரிய ஆலைகளில் மின்பலகைகளின் இணைப்புகளை வெப்பம் காட்டும் கேமராவால் குறித்த காலத்தில் நோக்குவது வழக்கம். ஒரு திருகு தளர்ந்திருந்தால் அது படத்தில் வெள்ளையாகத் தெரியும். வாடகை அறைகளுக்கு அத்தகைய கேமரா எங்கே வரும்?

அன்றிரவு அடுப்பு எரியவில்லை. அறுவரும் கடையில் பரோட்டா உண்டனர். மறுநாள் மருமகன் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், இடையே இணைப்பின்றி, புதிய பிளக்கோடு ஒரு பாக்ஸ் கட்டிக் கொண்டுபோனான். சுவரில் 222 வோல்ட்டு, பாக்சில் 221. டாங் டெஸ்டர் 8.4 காட்டியது. ஓட்டம் முன்னையினும் மிகுந்திருந்தது. ஆயினும் வழியில் இழந்தது 8 வாட்டளவே. அதுவும் ஐந்து மீட்டர் நெடுகப் பரவியிருந்தது. கால்மணி நேரம் கழித்துச் சுவிட்சை அணைத்துவிட்டு வயரைத் தொட்டுப் பார்த்தோம்; கையில் வெதுவெதுப்புக்கூட ஏறவில்லை. அடுப்புக்கோ முன்னையினும் 120 வாட்டு மிகுதியாகக் கிடைத்தது. பீகார் இளைஞன் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்து, சோறு நேற்றைவிட விரைவாகக் கொதிக்கிறதே என்று வியந்தான். மருமகன் 222, 221, 8.4 என்னும் மூன்று எண்களையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதி, பிளக் பாயிண்டின் அருகே சுவரில் ஒட்டினான். ஆறு திங்கள் கழித்து மீண்டும் வந்து அளப்பதாக அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தான்.